திருத்தணிப் படியில் தன் பிள்ளையைத் தூக்காத அப்பாக்கள்

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திருத்தணிக்குப் போன மாதம் வரை பதினேழு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூடப் படியேறியதில்லை. மலைமேல் வரை ரோடு இருக்கிறது, வண்டி போகிறது, நானும் அதிலேயே போய்விடுவேன். வீட்டில் மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டே, "முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினேன்" என்பேன். வீட்டுக்காரியும் பாவம், வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

இந்த மாத ஆரம்பத்தில் அவள், "அடுத்த மாசக் கிருத்திகைக்கு நானும் வரேன். உங்களுக்குத்தான் படியெல்லாம் பழக்கமாச்சே" என்றாள். அவள் வருவதற்குள் ஒரு தடவையாவது ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று இந்தக் கிருத்திகைக்குத் தனியாகக் கிளம்பினேன்.

வில்லிவாக்கத்தில் காலை ஐந்து பத்துக்கு ரயில். டிக்கெட் இருபது ரூபாய். அரக்கோணத்தில் பாதிப் பெட்டி காலியாகும், அதுவரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஏழு பத்துக்குத் திருத்தணி. ஸ்டேஷனிலிருந்து படிக்கட்டு அடிவாரம் சுமார் இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஆட்டோக்காரர் என் தொப்பையை ஒரு பார்வை பார்த்தார்.

"படியாண்ட எறங்கறீங்களா, மேல போற பஸ்ஸாண்ட வுடட்டுமா?"

"படியாண்ட."

"ஆங்... எதுக்கும் மெதுவா போங்க."

அடிவாரத்தில் எட்டுப் பேர் ஏறத் தயாராக நின்றிருந்தார்கள். எல்லார் முதுகிலும் ஸ்கூல் பை மாதிரி ஒன்று. உள்ளே புத்தகத்துக்குப் பதில் ஆளுக்கொரு பிள்ளை. நடக்க முடியாத பிள்ளைகள். எனக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் பைதான் கண்ணில் பட்டது, தொழில் புத்தி. விசைத்தறி மோட்டாரில் ஓடும் பட்டையை வெட்டித் தைத்திருந்தார்கள். கிட்டே போய் தையலைத் தொட்டுப் பார்த்தேன்.

"யாருங்க அது, தடவிகினு கீறது?" என்று ஒரு அம்மா அதட்டினார்.

"வண்டி சீட் கவர் தைக்கிறவனுங்க."

"அப்ப தடவுங்க."

அவர்தான் விஜயா அக்கா. முருகன் பக்தர்கள் சிலர் சேர்ந்து இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பகல்நேர இல்லம் நடத்துகிறார்கள். (பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.) அக்கா அங்கே சம்பளமில்லாத சமையல்காரர், சம்பளமில்லாத மேனேஜர். மாதாமாதம் கிருத்திகைக்குப் பிள்ளைகளைப் படி வழியாகவே மேலே கொண்டுபோகிறார்கள். தூக்குகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் அப்பாக்கள், பெரும்பாலும் ஆர்.கே.பேட்டை பக்கத்துத் தறிக்காரர்கள். பையைத் தைத்ததும் அவர்கள்தான். மீதிப் பேர் தொண்டர்கள்.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. முனுசாமி என்கிற அப்பா முதுகில் கவிதா என்று ஒரு சின்னப் பெண். அவருடைய சொந்த மகள் துளசியோ சேகர் முதுகில். சேகர் அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்ப்பவர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "ஆள் மாறிப் போச்சா?" என்று கேட்டேன்.

"தன் புள்ளைய தான் தூக்கக்கூடாது, அதான் எங்க சட்டம்" என்றார் அக்கா. "இதுல நாலு புள்ளைங்களுக்கு அப்பன் இல்ல. மாத்தி மாத்தித் தூக்கினா எந்தப் புள்ளைக்கு அப்பன் இருக்கான், எதுக்கு இல்லன்னு எவன் கண்டுபுடிப்பான்?"

ஏழே முக்காலுக்கு ஏற ஆரம்பித்தோம். நான் சேகர் பின்னாலேயே போனேன். துளசிக்கு ஒன்பது வயது, வாய்க்குப் பத்தொன்பது.

"புதங்கெழம எனக்கு கால்ல ஆபரேஷன். அப்புறம் மூணு மாசம் மாவுக்கட்டு. அதுக்குள்ள படிய எண்ணிடணும். எல்லாரும் முந்நூத்தி அறுவத்தஞ்சின்றாங்க, எவனாவது எண்ணானா?" என்றவள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். போன மாதமும் எண்ண வேண்டியது, காய்ச்சல் வந்து கெடுத்துவிட்டதாம்.

நான் சும்மா இருப்பேனா? அவள் "நூத்தி ஏழு" என்றால் நான் "நூத்தி முப்பது" என்பேன்.

"மாமா! நீங்க எத்தனாவது படிச்சீங்க?"

"அஞ்சாவது."

"அதான்."

நூற்று நாற்பத்திரண்டாவது படியில் சேகர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். பையை அவர் இடுப்போடு பிடித்திருந்த பட்டை பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அக்கா பிள்ளையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பட்டை போச்சின்னா ஏத்தக் கூடாது. கீழ வேன் நிக்குது, துளசி ரோட்ல வரட்டும்."

"வேன்ல போனா ஏறினதா ஆவுமாக்கா?" என்று கேட்டாள் துளசி. கேள்வி என்னிடம் இல்லை. ஆனாலும் நான் மரத்திலிருந்த குரங்கைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்போது முனுசாமி முப்பது படி மேலே நின்று திரும்பிப் பார்த்தார். "நைனா!" என்று கத்தினாள் மகள்.

"எண்ணிக்கைய வுட்டுடாதம்மா!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு, அவர் பாட்டுக்கு ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். என்ன மனுஷன் இவர்?

என் பையில் சாக்கு ஊசியும் நைலான் நூலும் எப்போதும் இருக்கும். பட்டைதான் இல்லை. இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், இருந்தது. பெல்ட்டை உருவினேன்.

"தோலா?" அக்கா முகம் சுளித்தார்.

"ரெக்சின். என் கையால தைச்சதுங்க."

இருபது நிமிடம் உட்கார்ந்து இரட்டைத் தையல் போட்டேன். துளசி "நூத்தி நாப்பத்திரெண்டு, நூத்தி நாப்பத்திரெண்டு" என்று மறந்துவிடாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். முடித்துக் கொடுத்ததும் அக்கா ஒரு முனையையும் சேகர் மறுமுனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அக்கா இழுத்த இழுப்பில் சேகர் இரண்டு படி இறங்கி வந்தார். தையல் அசையவில்லை. "தூக்குடா" என்றார் அக்கா.

மீதிப் படி முழுக்க நான் இடது கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஒன்பது மணிக்கு உச்சி. கடைசிப் படியில் துளசி சொன்ன எண் முந்நூற்று அறுபத்து நான்கு.

"ஒண்ணு இந்த மாமா முழுங்கிட்டாரு" என்றாள். "கட்டு பிரிச்சதும் வந்து மறுபடி எண்ணுவேன். நீங்க வராதீங்க."

மேலே முனுசாமி நின்றிருந்தார். கேட்டேவிட்டேன்: "பொண்ணு வழியில நிக்குது, நீங்க இறங்கி வரலியே?"

"நான் எறங்கனா என் முதுவுல கீற கவிதாவும் எறங்கணும் இல்லீங்க? துளசிகிட்ட தான் நீங்கள்லாம் இருந்தீங்களே." சொன்னவரின் கண் என் தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் மகளின் காலைத் தொட்டுச் சட்டையை இழுத்துவிட்டார். நான் என் கோபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அது எனக்கு அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

பதினேழு தடவை வந்து நான் சாமியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். இந்த மனுஷர்கள் மாதாமாதம் பக்கத்துப் படியில் அடுத்தவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கிருத்திகையன்று ஏழரைக்குள் படியில் கால் வையுங்கள், பிறகு கல் சுடும். நிதானமாக ஏறினால் முக்கால் மணி நேரம். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். இலவச வரிசையில் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பிள்ளைகளைத் தூக்கி வருகிறவர்களைக் கண்டால் கைப்பிடிப் பக்கம் அவர்களுக்கு விடுங்கள். இடுப்புக்கு பெல்ட் தவிர ஒரு நாடாவும் வைத்திருப்பது நல்லது.

சாமி பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். சந்நிதிக்கு நேரே வந்ததும் துளசி சேகர் முதுகிலிருந்து திரும்பி, "இன்னா மாமா, ஒத்தக் கையால கும்புடறீங்க? ரெண்டு கையும் தூக்குங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். பேன்ட் கணுக்கால் வரை போய் நின்றது. பின்னால் இருந்தவர், "சாமி, கொஞ்சம் நடங்க" என்றார். நடக்க முடியவில்லை.