பெட்டிபோல் அடுக்கிய பக்கம்

அம்மா பெட்டி பழுது பார்த்தாள். அறுந்த ஜிப், உடைந்த சக்கரம், கழன்ற கைப்பிடி. கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே. பாதி இடம் பெட்டிகளுக்கு, கால்வாசி தையல் இயந்திரத்துக்கு, மீதி அம்மாவின் பேச்சுக்கு. இயந்திரத் தையல் சித்தியின் வேலை. பேச்சில் அவளுக்கு இடம் கிடைத்ததில்லை.

பழுது பார்த்த பெட்டியை அம்மா தானே அடுக்கிக் கொடுப்பாள். செருப்புக்குள் காலுறை, காலுறைக்குள் மருந்துக் குப்பி. "காலி இடம் இருந்தா உள்ள கிடக்கிறது உருளும்" என்பாள். மூடுமுன் எல்லாப் பயணிகளிடமும் ஒரே கேள்வி: "போய் இறங்கினதும் முதல்ல எது வேணும்?" அதை மேலே வைப்பாள்.

பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே போனது. கடையில் ஈ ஓட்டினார்கள்.

"மூடிடலாம்க்கா" என்றாள் சித்தி.

"மூடிட்டு? நாள் பூரா உன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காரவா?"

தூரத்து ஆட்கள் கூப்பிட்டால் கடை பிழைக்கும். அதற்காக அம்மா என்னிடம் இணையப் பக்கம் கேட்டாள். அது என் தொழில். ஆனால் எதை எங்கே வைப்பது என்பதைத் தானே முடிவு செய்வதாகச் சொன்னாள்.

பெட்டியை அடுக்குவதுபோலவே அடுக்கினாள். தலைப்பு சிவப்பு, அதன்கீழ் பச்சை, பக்கத்தில் ஊதா. வரிக்கு ஒரு எழுத்து வகை. ஜிப் படங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மூலையில் மினுங்கும் நட்சத்திரம். இண்டு இடுக்கில் எல்லாம் தொலைபேசி எண்.

"கொஞ்சம் இடம் விடும்மா. எல்லாமே கத்தினா எதுவும் காதுல விழாது."

"காலியா விடவா பக்கம் கேட்டேன்? படிச்சுப் படிச்சுக் கஞ்சத்தனம் வந்துருச்சுடி உனக்கு."

பக்கம் வெளியானது. யாரும் அழைக்கவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று அம்மா தட்டிப் பார்த்தாள். பிறகு சித்தியை வாசலுக்கு அனுப்பினாள். "நீதான் கஸ்டமர். பக்கத்தைத் திறந்து நம்பரைப் பாத்துக் கூப்பிடு."

சித்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் போன் திரையை மேலும் கீழும் தேய்த்தாள். கடைசியில் மேசையில் போன் அடித்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியாடி! கண்டுபிடிச்சிட்டா!"

"உன் நம்பர் எனக்கு மனப்பாடமாச்சே. இதுல நீ எங்க போட்டிருக்கேன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்க்கா."

அம்மா போனை வைத்தாள். அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன். "இந்தப் பக்கத்துல வந்து இறங்கினதும் ஒருத்தனுக்கு முதல்ல எது வேணும்மா?"

அம்மா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். "நம்பரு."

"அப்புறம்?"

"என்ன செய்வோம், எங்க இருக்கோம்."

"மத்தது?"

"அடியில போடு. இல்ல, வெளிய எடு."

எடுத்தாள். நானே போதும் என்று தடுக்கும் அளவுக்கு எடுத்தாள். எண் மட்டும் பெரிதாக, சுற்றிலும் வெற்றிடத்தோடு நின்றது. தொட்டால் அழைக்கும் பொத்தான் மட்டும் ஆரஞ்சு, மற்றதெல்லாம் கறுப்பு. படங்களில் மிஞ்சியவை இரண்டு: ஒரே பெட்டி, உடைந்தபோதும் சரியான பின்பும். திரையில் தையல் ஸ்கேலை வைத்து இடது ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். நட்சத்திரத்தை மட்டும் விடவில்லை. "இருக்கட்டும்டி. பாவம், கண்ணு சிமிட்டுது."

ஊரின் மறுகோடியிலிருந்து ஒருவர் சக்கரம் போன பெட்டிக்காக அழைத்தார். பிறகு ஒரு பாடகர் குழு, பெட்டி பெட்டியாக. மூடும் பேச்சைச் சித்தி மறந்துபோனாள்.

பிறகு ஒரு நாள் அம்மா இறந்துபோனாள். மூன்று நாள் கடை மூடியிருந்தது. நான்காம் நாள் சித்தி திறந்தாள். "பக்கத்துல ஏதாவது எழுது" என்றாள்.

எழுதினேன். அம்மாவின் சிரிப்பு, ஊசி, பெரிய பெட்டியின் உறுதியைச் சோதிக்க அவளே உள்ளே உட்கார்ந்த படம். எண்ணைச் சுற்றியிருந்த வெற்றிடம் முழுவதும் நிறைந்துவிட்டது. சித்தி படித்தாள். கண்ணைத் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள்.

"எல்லாம் நிஜம்தான். ஆனா ஜிப் அறுந்து வர்றவனுக்கு வந்து இறங்கினதும் எது வேணும்?"

எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். எண்ணுக்குக் கீழே ஒரே வரி வைத்தேன்: கடை திறந்திருக்கிறது.

அம்மா இல்லாமல் அந்த நட்சத்திரம் எதற்கு என்று தோன்ற, கை அதன் பக்கம் போனது.

"அதைத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்."

போன் அடித்தது. சித்தி எடுத்தாள். "தெறந்துதாங்க இருக்கு, கொண்டாங்க" என்று ஆரம்பித்தவள், அம்மாவைப்போல் நெடுநேரம் பேசினாள்.