அத்தை கீழே வைத்த மூன்று எட்டு

1. அப்பாவின் தங்கையான என் அத்தையைப் பெண் பார்க்க, மலைமேல் செம்மநத்தத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சேலத்திலிருந்து ஒரு வேனில் வந்தார்கள்.
2. பஜ்ஜியும் காப்பியும் முடிவதற்குள் மழை பிடித்து, வழியில் ஒரு சில்வர் ஓக் மரம் குறுக்கே சாய்ந்தது. வேன் போக முடியவில்லை.
3. மரம் அறுக்க ஆள் வரும்வரை சீட்டு ஆடினார்கள்.
4. அத்தை தோற்றுக்கொண்டே இருந்தாள்.

சீட்டுக்கட்டு மாப்பிள்ளையின் சித்தப்பாவுடையது. எங்கே போனாலும் பையில் வைத்திருப்பாராம். "ஏனுங்க, கை ஒண்ணு கொறையுது. புள்ளயும் ஒக்காரட்டுமுங்க" என்றார். அப்பாவால் மறுக்க முடியவில்லை. ஏற்கெனவே இரண்டு வரன்களை வேண்டாம் என்றவள் அத்தை. அன்று காலைதான் அப்பா, "அவங்க கெளம்பறதுக்குள்ள பதில் சொல்லிப்போடோணும். இதையும் தட்டுனீன்னா அப்பறம் உனக்கு நான் மாப்பிள்ள பாக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார்.

ஆட்டம் மூணு சீட்டு. போக்கருக்குச் சொந்தக்கார ஆட்டம் என்பது நான் வேலைக்குப் போனபிறகு தெரிந்தது. ஆளுக்கு மூன்று சீட்டு, பணத்துக்குப் பதில் காப்பிக்கொட்டை. நம்பிக்கை இருந்தால் கொட்டையைப் போட்டுக்கொண்டே போகலாம். இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். மூன்றும் ஒரே எண்ணாக வந்துவிட்டால் அதற்கு மேல் அநேகமாக எதுவும் இல்லை.

நான் அத்தையின் முதுகில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒவ்வொரு முறையும் கவிழ்த்தாள். மாப்பிள்ளை ஜெயித்தார். "நொம்ப அடக்கமான புள்ள" என்று அவருடைய அம்மா என் அம்மாவிடம் சொன்னார். ஒருமுறை அத்தை கையில் மூன்று எட்டு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதையும் கவிழ்த்துவிட்டு, ஜெயித்த மாப்பிள்ளையின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். எனக்கு அவளைக் கிள்ள வேண்டும் போலிருந்தது.

கீழே ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. "கடைசி ஆட்டமுங்க" என்றார் சித்தப்பா. அத்தைக்கு இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்றுக்கொன்று ஒட்டாத சீட்டுகள். இந்த முறை அவள் கவிழ்க்கவில்லை. கொட்டையைப் போட்டாள், மறுபடி போட்டாள். கடைசியில் மாப்பிள்ளை மட்டும் எதிரே நின்றார். அவரும் யோசித்து யோசித்துக் கவிழ்த்தார். சித்தப்பா அத்தையின் சீட்டைத் திருப்பிப் பார்த்துக் கத்தினார்: "அட மானங்கெட்டவனே, இதுக்கா பயந்த? உன்ற கையில ஜோடி ராணி!"

மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கிவிட்டது. அப்பா அத்தையை முறைத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள்; அதிக நேரம் சிரித்தவர் மாப்பிள்ளைதான். கொட்டைகளை அத்தை பக்கம் தள்ளிவிட்டு, மற்றவர்கள் எழுந்ததும் மெல்லக் கேட்டார்: "அந்த மூணு எட்டை ஏனுங்க கீழ வெச்சீங்க?"

அத்தை நிமிர்ந்தாள். "நீங்க எப்பங்க பாத்தீங்க?"

"சீட்டக் கலைக்கறப்பங்க."

"அப்பவே கேக்கறதுதானுங்க?"

"நீங்களே சொல்லுவீங்களோன்னு இருந்தேனுங்க."

அத்தை சமையலறைக்குப் போக எழுந்தாள். போகும்போது சிரித்தாள்.

வேன் ஹாரன் அடித்தது. அப்பா சமையலறைக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்தார். "சரிங்கண்ணா" என்றாள். செய்த துடுக்குக்குப் பயந்து சம்மதித்தாள் என்று அப்பா நினைத்தார். பையனின் உயரம் பிடித்துவிட்டது என்று அம்மா நினைத்தார். நான் அழுதேன். "கடைசில அத்தைதான ஜெயிச்சாங்க? அப்பறம் எதுக்கு அவங்க ஊட்டுக்குப் போவோணும்?" எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்காமல், "அழாத கண்ணு" என்று என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

ஜெயிக்கும்போது ஒருவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க நேரம் பிடிக்கும் என்பதும், தோற்கும்போதும் அவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தன்னையும் ஒருவர் அதே பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, அன்று அந்தக் கேள்வி வரும்வரை அத்தைக்கும் தெரியாது.

இப்போது அவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டு ஆடுகிறார்கள். நான் போனால் எனக்கும் ஒரு கை போடுவார்கள். பெரும்பாலும் நான்தான் தோற்கிறேன்.