என் படிப்புக்கு நடந்த சடங்கு

தங்கச்சியின் சடங்கு நடந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள். மகாராஜபுரத்திலிருந்து அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமா, சீர்த்தட்டுகளோடு வேன் பிடித்து வந்திருந்தார். போலீஸ் பயிற்சியில் இருந்த அவர் மகனும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். ராஜபாளையத்தில் அப்பாவோடு மில்லில் வேலை பார்ப்பவர்கள் மொய்க்கவரோடு வரிசையில் நின்றார்கள். தங்கச்சியின் கல்லூரித் தோழிகள் ஒருத்திகூட இல்லை. வெட்கத்தில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் இல்லை. பெண்களைப் பற்றியும் பாலினத்தைப் பற்றியும் முதுகலை படிக்க இங்கிலாந்து போனவன், அங்கே விடுதி அறையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி பெரியவளானது ஒன்பதாம் வகுப்பில். அப்போது வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார்கள். அப்படி விட்ட சடங்கை எங்கள் பக்கம் பணமுடை வரும்போது வைப்பார்கள். ஊருக்கெல்லாம் செய்த மொய் அப்போதுதான் திரும்பி வரும். பாதிக் கட்டணத்துக்குத்தான் எனக்கு உதவித்தொகை. மீதியில் இரண்டாம் தவணை கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பல்கலைக்கழகம் எழுதிய வாரம், அப்பா மண்டபம் பிடித்தார். தங்கச்சி அப்போது பி.எஸ்சி. கணிதம் முதலாம் ஆண்டு.

"அண்ணே, நீயாச்சும் சொல்லு. எப்பவோ நடந்ததுக்கு இப்ப பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸ் வைக்காங்க. நான் அந்த வழியாத்தான் காலேஜ் போகணும்."

அப்பாவிடம் பேசினேன். பெண்ணின் உடலை ஊர் எப்படிப் பொதுச்சொத்தாகப் பார்க்கிறது என்று வகுப்பில் படித்ததைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடமே போகாத மனிதர். நான் பேசினால் குறுக்கே பேசமாட்டார். முழுவதையும் கேட்டார்.

"நீ சொன்னா சரியாத்தான்யா இருக்கும். நிப்பாட்டிருதேன். பீஸுக்கு என்ன செய்ய, அத மட்டும் சொல்லு."



சடங்கன்று மாமா போனை வாங்கினார். "என்ன மருமகனே, பொம்பளைகளப் பத்திப் படிக்க அம்புட்டுத் தூரம் போகணுமா? ஒங்காத்தாவக் கேட்டா ஓசிலயே சொல்லுவாளே!" மண்டபமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். பிறகு மாமா தங்கச்சியின் கழுத்தில் ஐந்து பவுன் சங்கிலியைப் போட்டார். மைக்கில் அதை இரண்டு தடவை சொன்னார்கள்.

வந்த மொய்யும் விற்ற சங்கிலியும் சேர்ந்து என் கட்டணம் ஆயின. அந்தப் பருவத்துக்கான கட்டுரையை அந்தச் சடங்கைப் பற்றியே எழுதினேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். பேராசிரியர் ஒரு பத்தியை வாசித்துக் காட்ட, பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் தங்கச்சிக்குப் போன் செய்தேன்.

"என்னைய வச்சு பீஸும் கட்டியாச்சு, மார்க்கும் வாங்கியாச்சு. இன்னும் என்னண்ணே பாக்கி?" என்றாள்.

பாக்கி இருந்தது. நான் பட்டத்தோடு ஊர் திரும்பி, வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் 'இந்தப் படிப்புல ஆம்பளைக்கு என்ன வேலை' என்ற கேள்வியை வாங்கி வந்துகொண்டிருந்த நாட்களில், மாமா பூவும் பழமுமாகப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தார். கட்டும் வயதில் மகனை வைத்திருக்கும் தாய்மாமன் சடங்கில் தங்கம் போட்டால் அது பெண்ணுக்கு இடம்பிடித்துப் போட்ட துண்டு. அண்ணன் பாசத்தில் செய்கிறார் என்று நினைத்தது அம்மா மட்டும்தான். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைசி வருடப் பரீட்சை எழுதியிருந்த தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "எனக்குக் கல்யாணம் வேண்டாம் மாமா. எம்.எஸ்சி. சீட்டுக் கெடச்சிருக்கு."

"ஏட்டி, ஒங்கண்ணன் சீமைக்குப் போயிப் படிச்சது யாரு நகைல?"

"அவன்தான படிச்சான்? அவனையே ஒங்க மகனுக்குக் கட்டி வைங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாமா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "பொண்ணு இல்லேன்னா சங்கிலி. ரூவாயா நீட்டாதீக. நான் போட்டது தங்கம், தங்கமாத்தான் வரணும்."

அம்மா அழுது ஒரு வருடம் தவணை வாங்கினாள். அதற்குள் தங்கம் விலை நாங்கள் விற்றதைப்போல இரண்டு மடங்கு ஏறிவிட்டது. அப்பா பி.எஃப். பணத்தை எடுத்தார். நான் டியூஷன் எடுத்தேன். அது பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சியது கொஞ்சம். தங்கச்சி எம்.எஸ்சி. சீட்டை விட்டுவிட்டு அப்பாவின் மில் ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணத்திலிருந்து தப்பித்தவள் படிப்பிலிருந்தும் தப்பித்துவிட்டாள் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மாமாவுக்குத் திருப்பித் தரச் சங்கிலி வாங்க அப்பாவும் தங்கச்சியும் நானும் போனோம். கடைப் பெண், "போட்டுப் பாருங்கக்கா, எடுப்பா இருக்கும்" என்று கண்ணாடியை நகர்த்தினாள்.

"எனக்கில்ல. பில்லப் போடுங்க" என்றாள் தங்கச்சி.

செய்கூலி, சேதாரம், வரியோடு ஐந்து லட்சத்து எட்டாயிரம் ரூபாய்.