வல்லினமும் பேச்சுரிமையும்

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, டீச்சர்கள் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே நாளில் மூன்று வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். வல்லினம் மிகும் இடங்கள், ஒரு பழம்பாட்டுக்கு விளக்கம், பேச்சுரிமை பற்றி ஒரு பக்கம். கேரள எல்லையில், வேலந்தாவளத்தை ஒட்டியிருந்த எங்கள் வீட்டில் இதையெல்லாம் சொல்லித்தர அத்தையை விட்டால் ஆளில்லை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தமிழில் பட்டம் வாங்கிவிட்டு, அப்பா பார்க்கும் மாப்பிள்ளைகளுக்காக வீட்டில் காத்திருந்தவர்.

அன்று அத்தை எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். 'எனக்கு' வரவேண்டிய இடத்தில் நான் மலையாளத்தில் 'எனிக்கு' என்று எழுதியிருந்தேன். ஒற்று வேண்டாத இடங்களிலெல்லாம் தாராளமாகப் போட்டிருந்தேன்.

"ஏங்கண்ணு, இத்தனை புள்ளி எழுத்தை எங்கிருந்து அள்ளிட்டு வந்தே?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பாட்டில் ஒரு புலவர் அரசனிடமே போய், நீ செய்வது தப்பு என்கிறார். அவரை ஏன் சிறையில் போடவில்லை என்று கேட்டேன். கேட்டுக்கொள்ளத் தெரிந்த ராஜா என்றார் அத்தை. இதை எப்படி ஒரு பக்கத்துக்கு நீட்டுவது என்பதுதான் என் கவலை.

பேச்சுரிமைக்கு வந்தபோது அப்பா வந்துவிட்டார். சந்தைக்கு ஓட்டிப்போன மாட்டையே திரும்ப ஓட்டிக்கொண்டு வந்த கடுகடுப்பில் சாப்பிட உட்கார்ந்தார். அத்தை பரிமாற எழுந்தார். நான் நோட்டோடு அப்பாவின் எதிரில் போய், பேச்சுரிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டேன்.

"அதெல்லாம் ரோட்ல மைக் வெச்சுப் பேசறவங்களுக்கு. ஊட்ல சோத்தைத் தின்னுட்டுப் பேசாமப் படுக்கோணும்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணா, எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாமுங்க. கோயமுத்தூர்ல பி.எட். சேரப் போறனுங்க."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"உன்னை ஆரு கேட்டா?"

"ஆரும் கேக்கலீங்க. அதனாலதான் நானே சொல்றனுங்க."

அத்தை அப்பாமேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. என் கட்டுரை நாலு வரியில் நிற்கிறது, பெரியவர்களுக்குச் சண்டை போட இந்த நேரந்தானா கிடைத்தது? அம்மாவிடம் போனால், "இந்த நேரத்துல உனக்கு வீட்டுப்பாடமா புள்ளே?" என்று என்மேலேயே பாய்ந்தார்.

அதன்பின் அப்பா பல நாள் அத்தையோடு பேசவில்லை. கடைசியில் அவரே பெட்டியைத் தூக்கிவந்து அத்தையைக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதெல்லாம் பின்னால் நடந்தது. மறுநாள் காலையில் எனக்கிருந்த துயரம் வேறு. பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுமேல் நின்றேன். ஏன் முடிக்கவில்லை என்று டீச்சர் கேட்டார்.

"எங்க ஊட்ல ஒரு எடுத்துக்காட்டும் கெடைக்கலீங்க டீச்சர்" என்றேன்.