அண்ணன் செய்து வைத்த இரண்டாவது பியூஸ் கட்டை

எங்கள் குலதெய்வம் ஐயனாரையும் எல்லையில் இருக்கும் மாரியம்மனையும் கும்பிட்டு, என் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அண்ணன் போனதிலிருந்து வடக்குத்திலும் டவுன்ஷிப்பிலும் ஒரு பேச்சு இருக்கிறது. "அவரு செஞ்ச சாமானே அவர எடுத்துகினு போயிடுச்சி" என்று. துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் என் காதுபடவே சொன்னார்கள். அது உண்மையா இல்லையா என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. இந்த மலரிலும் சொல்லாமல் விட்டால் அண்ணனின் பெயர் அப்படியே நின்றுவிடும்.

அண்ணன் பிறந்தது காடாம்புலியூரில். எங்கள் அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் முந்திரி, நாலு பலா மரம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு சைக்கிள் கடையில் சேர்ந்து என்னையும் அம்மாவையும் காப்பாற்றினார். பிறகு நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை, பல வருஷம் கழித்து பர்மனென்ட். மிஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர். கன்வேயர் பெல்ட் ஓடுகிற பக்கம்தான் கடைசி வரை. மூன்று ஷிப்டும் பார்த்தவர். ஷிப்டு முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் அவர் முகம் கழுவிய தண்ணீர் கறுப்பாகப் போகும். முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு முருகன் படத்துக்குத் திருநீறு பூசிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

மைன்ஸ் சாமான் ஒரு ஆணிகூட வீட்டுக்கு வந்ததில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் குள்ளஞ்சாவடி காயலான் கடையில் கிடைத்தது. அங்கே போனால் மாமியார் வீட்டுக்குப் போனவர் மாதிரி சீக்கிரம் கிளம்ப மாட்டார். பழைய ரேடியோ ஏரியலின் நுனியில் ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டி, சந்தில் விழுந்த திருகாணியை எடுக்க ஒரு கம்பி. பலாப்பழம் இறக்க ஒரு நீளக் கோல்: கீழே சைக்கிள் பிரேக்கைப் பிடித்தால் மேலே கத்தி காம்பை அறுக்கும், பழம் அடியில் இருக்கிற வலையில் உட்காரும். அண்ணிக்கு விரல் மூட்டு வலி என்பதால் ரப்பர் பட்டையும் மரப்பிடியும் சேர்த்து டப்பா மூடி திறக்க ஒன்று. முந்திரிக்கொட்டையைக் கையில் பால் படாமல் உடைக்க இன்னொன்று. யார் கேட்டாலும் செய்து கொடுப்பார். கேட்காதவர்களுக்கும் கொடுப்பார்.

அவர் செய்ததில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் இருந்தது ஒன்றே ஒன்றில்தான். முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. ஒரு முனையை மோட்டார் மேல் வைத்து மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொள்வார். மிஷின் சத்தத்திலேயே இருந்து இருந்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. நேருக்கு நேர் நின்று சொன்னால் தெரியும், முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் தெரியாது. ஆனால் பல் வழியாக அவருக்கு எல்லாம் கேட்டது. மாவு மில் மோட்டாரைக் கடித்துப் பார்த்து, "பத்து நாளு தாங்காது" என்றார். ஒரு வாரத்தில் நின்றது. பக்கத்து வீட்டு கிரைண்டரும் அப்படித்தான். அதன் பிறகு அவர் கம்பியோடு தெருவில் வந்தால், "அண்ணே, எங்க வூட்டுப் பக்கம் மட்டும் அத வைக்காதீங்க, நல்லா ஓடிகினு இருக்குது" என்று கதவைச் சாத்தும் பெண்கள் உண்டு. அண்ணன் சிரிப்பார். அவருக்கு அது பாதி கேட்டிருக்கும்.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் வீடு கட்டினார். பக்கத்திலேயே நானும். பின்னால் முந்திரித் தோப்பு, தோப்பின் கோடியில் மோட்டார் கொட்டகை. இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் அந்த மோட்டாரிலிருந்துதான். சுவிட்சும் பியூஸும் வீட்டுச் சுவரில். இங்கிருந்து பார்த்தால் கொட்டகை தெரியாது, மரம் மறைக்கும்.

மைன்ஸில் ஒரு பழக்கம் உண்டு. மிஷினில் கை வைக்கும் ஆள், சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வான். வேலை முடிந்து அவனேதான் திறக்க வேண்டும். அண்ணன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கரண்ட் வேலை என்றால் முதலில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டு பட்டனும் போட்டுக்கொள்வார். "உயிரு நம்ம பையில இருக்கணும், அடுத்தவன் கையில இருக்கக் கூடாது" என்பார். பியூஸ் இடம் காலியாக இருந்தால் யாரோ வேலையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் வேலை முடிந்ததும் திருப்பி மாட்ட மறந்துவிடுவார். கட்டையோடு கடைக்கு, கோயிலுக்கு, குள்ளஞ்சாவடிக்குப் போய்விடுவார். வீட்டில் தண்ணீர் வராது. தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய், குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்தே அண்ணனின் முப்பது வருஷத்து நண்பர். ஒருநாள் கடையிலிருந்து அண்ணிக்குப் போன் போட்டார்:

"அம்மா, உங்க வூட்டுக்காரரு கரண்ட்ட பையில போட்டுகினு என் கடையில உக்காந்து டீ குடிச்சிகினு இருக்கிறாரு. பிடுங்கி அனுப்பட்டுமா?"

"கரண்ட்ட மட்டும் அனுப்புங்க பாய். ஆள அங்கியே வச்சிக்கங்க" என்றார்கள் அண்ணி.

அன்று சாயங்காலம் அண்ணன் ஒரு மரத்துண்டை இழைத்து, இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு பதித்து, இரண்டாவது பியூஸ் கட்டை ஒன்று செய்தார். சிவப்புப் பெயின்ட் அடித்து, காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: "நான் மறந்து எடுத்துகினு போயிட்டா இத சொருவிக்கங்க. ஆனா ஒண்ணு. என்னக் கூப்புட்டுப் பாத்துட்டுத்தான் சொருவணும். பதிலு வரலன்னா நான் ஊருல இல்லன்னு அர்த்தம்."

காது கேட்காத மனுஷனைக் கூப்பிட்டுப் பார்ப்பது என்ன காவல் என்று அவருக்கும் தோன்றவில்லை. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சரி என்று தலையாட்டினோம். பல தடவை அந்தச் சிவப்புக் கட்டையைப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அண்ணன் நிஜமாகவே ஊரில் இல்லை.

போன ஆடியில், கூழ் ஊற்றுவதற்கு ஒரு வாரம் முன்னால், அண்ணன் தோப்பு மோட்டாரைக் கடித்துப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சரியில்லை. "இதோட சத்தம் எனக்குப் புடிக்கலடா" என்றார். "பேரிங்கா அண்ணா?" என்றேன். "பேரிங் சத்தம் எனக்குத் தெரியாதா? இது வேற. உள்ள ஒயரு எங்கியோ சுடுது" என்றார். கூழ் முடிந்து பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் தெருவில் கூழ் ஊற்றும் பொறுப்பு என்னுடையது. அந்த வெள்ளிக்கிழமை காலை அண்டாக்களை வாசலில் வைத்துவிட்டேன். அண்ணியும் என் மனைவியும் பால்குடத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. சுவரைப் பார்த்தேன். வெள்ளைக் கட்டை இல்லை.

"அண்ணா" என்று வீட்டுக்குள் கூப்பிட்டேன். பின்வாசலில் நின்று தோப்பைப் பார்த்துக் கூப்பிட்டேன். மூன்று தரம். போன் போட்டேன். அது அவர் தலையணைக்கு அடியிலேயே அடித்தது. போனைக்கூட மறந்துவிட்டு மறுபடியும் குள்ளஞ்சாவடிக்குப் போய்விட்டார் என்று எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்குமா என்று வாய்விட்டே சொன்னேன். அம்மனுக்கு நேரமாகிறது என்று நினைத்தேன். அம்மன் யாரையும் அவசரப்படுத்தவில்லை, அவசரம் என்னுடையது. தோப்புக்குள் ஐம்பதடி நடந்திருந்தால் பார்த்திருப்பேன். நடக்கவில்லை.

காலண்டரை விலக்கிச் சிவப்புக் கட்டையை எடுத்துச் சொருகி சுவிட்சைப் போட்டேன்.

தண்ணீர் வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன்.

கேழ்வரகு மாவு மூட்டையோடு தோப்பு வழியாக வந்த பாய்தான் முதலில் பார்த்தார். அவர் போட்ட சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. "கரண்ட்ட நிறுத்துடா! கரண்ட்ட நிறுத்துடா!" எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவிட்சை அணைத்தேன். கட்டையை உருவினேன். ஓடுவதற்கு முன்னால் அதைக் காலண்டருக்குப் பின்னால் மாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கை தானாகச் செய்தது.

கூழ் நடுவில் தண்ணீர் நின்றுவிட்டால் தம்பிக்குத் தலைகுனிவு என்று, என்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் ஒயரைச் சரி பண்ணப் போயிருக்கிறார். போவதற்கு முன் அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அண்ணி கோயிலில் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சட்டைப் பையில் வெள்ளைக் கட்டை, பட்டன் போட்டபடி இருந்தது.

அதைப் பார்த்துத்தான் ஊர் பயந்தது. "பியூஸு அவரு பையில. அப்ப கரண்டு எங்கேருந்து வந்துச்சி?" கரண்ட் ஆபீஸிலிருந்து பார்க்க வந்தவர்கள், வேறு வீட்டிலிருந்து ஒயர் வழியாகத் திரும்பி வந்த ரிட்டன் கரண்டாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விசாரித்த போலீஸ்காரர்களிடமும் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சிவப்புக் கட்டை அதன் ஆணியிலேயே இருந்ததால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை. எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அது ஆரம்பித்தது. காலையில் அண்ணி கோலம் போடக் கதவைத் திறந்தால் கேட்டுக்கு வெளியே ஒரு சாமான் கிடக்கும். ஒருநாள் காந்தக் கம்பி. ஒருநாள் முந்திரி உடைப்பான். யார் வைத்தது என்று தெரியாது. பெரிய பலாக்கோலைக்கூட மதில்மேல் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். செய்தவரையே கொண்டுபோன சாமான் நம்ம வீட்டில் எதற்கு என்று ஜனங்கள் பயந்துவிட்டார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியாது. அண்ணி ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்துப் பின்கட்டில் அடுக்கினார்கள். மாசக்கணக்கில் இது நடந்தது. சாமானைத் திருப்பித் தராத ஒரே ஆள் பாய். "எங்கிட்ட அவரு குடுத்த தராசு முள்ளு இருக்குது. நான் செத்தா அப்பறம் வந்து எடுத்துக்கங்க" என்றார்.

போன தையில் ஒருநாள் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணி என்னிடம் மெல்லச் சொன்னார்கள்: "ஊரு சொல்றது நெசந்தான் போல இருக்குது தம்பி. எதையோ தப்பா மாட்டிட்டாரு. வயசாயிடுச்சி, கை தப்பு பண்ணிடுச்சி."

முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த அண்ணியே அவர் கையைச் சந்தேகப்படும்படி நான் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கோயிலில் திருநீறு எடுக்கக் கை நீட்டாமலே திரும்பிவிடுவேன். விரதம் இருந்து பார்த்தேன், மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன், ஒன்றும் இறங்கவில்லை. பரிகாரம் செய்தால் தீருகிற விஷயமாக இருந்தால் அது என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

உறவினர்களே, நண்பர்களே, என் அண்ணன் கை தப்புச் செய்யவில்லை. செய்ய வேண்டிய காவலைச் செய்துவிட்டுத்தான் ஒயரில் கை வைத்தார். கரண்ட்டைப் போட்டவன் நான்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி கையை நிறுத்தவில்லை. முழுவதும் நறுக்கி முடித்த பிறகு கேட்டார்கள்:

"ரெண்டு தரம் போட்டீங்களா?"

"ரெண்டு தரம் அண்ணி."

அரிவாள்மணையைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டே இருந்தேன்.

"அச்சுக்குக் குடுங்க" என்றார்கள். "அவரு பேரு சுத்தமாவணும். ஆனா கடைசியில அண்ணி மன்னிச்சிட்டாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க. அந்த வார்த்தை எனக்கு இன்னம் வாயில வரல."

அதனால் அதை எழுதவில்லை. மறுநாள் காவல் நிலையத்துக்கும் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கூப்பிடும்போது போவேன்.

அண்ணனைத் தோளில் தூக்கி ஓடிய பாய்க்கும், கேட்காமலே வண்டியை எடுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், பதினாறு நாளும் வீட்டில் அடுப்பெரியாமல் பார்த்துக்கொண்ட எங்கள் தெருப் பெண்களுக்கும், குவார்ட்டர்ஸ் காலத்து பிளாக் சிநேகிதர்களுக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து நின்ற அண்ணனின் செக்ஷன் ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. உங்கள் பிள்ளைகுட்டிகளை ஐயனார் காப்பாற்றட்டும்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் நான் வாசலில் நின்று, நினைவு நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். பந்தியில் பரிமாற வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். அது சரிதான். என்னிடம் கேட்க வேண்டியதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.