கண்ணாடி மீனுக்கு நெற்றி எது?

பழைய கண்ணாடி விலங்குப் பொம்மைகள் என்றால் எனக்குப் பைத்தியம். கண்ணாடியைப் பழுக்கக் காய்ச்சி, ஊதியும் இழுத்தும் கையாலேயே செய்த பொம்மைகள். கும்மிடிப்பூண்டி காயலான் கடைகளில் துருப்பிடித்த இரும்புக்கு நடுவே அநாதையாகக் கிடக்கும். தேன் நிற யானை, வாய் பிளந்த பச்சை மீன், கழுத்து வளைந்த அன்னம் என்று ஓர் அலமாரி நிறையச் சேர்த்துவிட்டேன். அந்த அலமாரியை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டது நான். மதிப்பவனும் நான் மட்டும்தான்.

போன ஆயுத பூஜையன்று காலையில் குளித்து வந்ததும், மனைவி என் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி வாங்கிவர அனுப்பினாள். நான் திரும்புவதற்குள் பைக், மிக்ஸி, தையல் மிஷின், கியாஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. மீந்த சந்தனம் என் அலமாரிக்குள் போயிருந்தது. யானைக்கு நெற்றியில் வைத்திருந்தாள், சரி. மீனுக்கு நெற்றி எது என்று தெரியாமல் இரண்டு கண்களையும் மூடியிருந்தாள். அன்னத்தின் இறகு வரிகளுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்துபோயிருந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"இன்னாமே இது? வேலை செய்யற சாமானுக்குத்தான் இன்னைக்குப் பொட்டு! இதுங்க இன்னா வேலை செய்யுதுங்க? நாள் பூரா சும்மா குந்திக்கினு கீதுங்க!"

மிக்ஸிக்குப் பூ சுற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலை செய்யறதுக்குத்தான் பொட்டுன்னா, காலைல உனக்கு இன்னாத்துக்கு வச்சேன்?"