ஒரே மிருகத்துக்கு இரண்டு ஊர்

2003ஆம் ஆண்டு யூலை மாதம், மொன்றியலிலிருந்து தெற்கே எல்லையைத் தாண்டி, அமெரிக்காவில் சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் உள்ள ஒரு சின்ன ஊரில் நடந்தது இது.

என் தங்கையைப் பார்த்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. இலங்கையை விட்டு ஓடியபோது நான் கனடாவுக்கு வந்தேன், அவள் நியூ ஜெர்சியில் மாட்டிக்கொண்டாள். அவளுடைய அகதி வழக்கு முடியவில்லை, எங்களிடம் வர முடியாது. எனக்குக் கனடா பாஸ்போர்ட் கிடைத்ததும் நடுவில் எங்காவது சந்திப்பதென்று முடிவு செய்தோம். தெரிந்தவர் ஒருவர் அவளையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் காரில் கொண்டுவருவார். அவருக்கு இரவு வேலை. மூன்று மணிக்கு அவர்கள் திரும்பப் புறப்பட்டுவிட வேண்டும்.

"அந்த ஏரியில பாம்பு மாதிரிப் பெரிய மிருகம் ஒண்டு இருக்காம், அக்கா. அதுக்குக் கரையில சிலை வைச்சிருக்கினம். பன்ரண்டு மணிக்கு அதுக்குக் கீழ நிக்கிறம்" என்று தொலைபேசியில் சொன்னாள். ஊர்ப் பெயரும் சொன்னாள். பக்கத்தில் இருந்த என் கணவர், "அந்தச் சிலை எனக்குத் தெரியும், வேலையில பொடியள் கதைக்கிறவங்கள்" என்றார். அதை நம்பி நான் பெயரைக் குறித்து வைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சிலையின் கீழ் நின்றோம். பச்சை நிறம், நீண்ட கழுத்து, முதுகில் மூன்று திமில். தங்கை இல்லை. ஒரு மணியாயிற்று. அவளிடம் கைத்தொலைபேசியும் இல்லை. நான் அவளுக்கென்று சுட்டுக்கொண்டு வந்த பயித்தம் பணியாரப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சிலநேரம் அவளை மிருகம் பிடிச்சுக்கொண்டு போட்டுதோ?" என்றார் கணவர்.

"உங்களைப் பிடிச்சிருந்தால் எனக்கு நிம்மதி" என்றேன். அவர் கோப்பி வாங்கப் போய்விட்டார்.

சிலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் ஒரு கிழவர் மிருகத்தின் படம் போட்ட தொப்பிகள் விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், சின்ன வயதில் தகப்பனோடு மீன் பிடிக்கப் போனபோது அந்த மிருகத்தைத் தன் கண்ணால் கண்டதாகத் தொடங்கினார். வளர்ந்த மனிதர் பேசுகிற பேச்சா? எனக்குக் கோபம் ஏறியது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "உன் மிருகமும் பொய், நீ கண்டதும் பொய். நான் என் தங்கையைத் தேடுகிறேன்" என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. எங்கே சந்திப்பதாகச் சொன்னாள் என்று கேட்டார். மிருகத்தின் சிலைக்குக் கீழே என்றேன். அவருடைய முகம் மாறியது. ஏரிக்கு அப்பால் கையைக் காட்டி, "அங்கேயும் ஒன்று வைத்திருக்கிறார்கள்" என்றார்.

ஒரே மாதாவுக்கு ஊருக்கு ஊர் கோவில் கட்டி, எங்கள் மாதாதான் அற்புதம், புதுமை செய்கிறவள் என்று சண்டை பிடித்த ஆட்கள் நாங்கள். ஒரு மிருகத்துக்கு இரண்டு ஊர் உரிமை கொண்டாடும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

அவர் கடைத் தொலைபேசியை எடுத்தார். அக்கரையில் தொப்பி விற்பவருடைய எண் அவருக்கு மனப்பாடம். ஆனால் மிருகம் எந்த ஊருடையது என்ற சண்டையில் இரண்டு பேரும் பேச்சை விட்டு வருடக்கணக்கு. சிலையடியில் ஒரு பெண் நிற்கிறாளா, போய்ப் பார் என்று இவர் கேட்டார். மறுபக்கத்தில் பெரிய சிரிப்பு. மிருகம் தங்களுடையது என்று இவர் முதலில் ஒத்துக்கொள்ளட்டும், பிறகு பார்க்கிறேன் என்றாராம்.

கிழவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"சரி. அது உங்களுடையதுதான். எப்போதும் உங்களுடையதுதான். இப்போது போய்ப் பார்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், அழுதுகொண்டு நிற்கிறார்கள். அவர்களைப் படகுத் துறைக்கு அனுப்பச் சொன்னார். பிறகு தன் கடையைச் சாத்தினார், எங்கள் காருக்கு முன்னால் தன் வண்டியை ஓட்டி எங்களைக் கார் ஏற்றும் படகில் ஏற்றிவிட்டார்.

அக்கரையில் தங்கை மெலிந்து, தலை நரைத்து நின்றாள். "எங்கையடி போனனீ?" என்றேன். "நீங்கள் எங்கையக்கா போனனீங்கள்?" என்றாள். எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். பிள்ளைகள் என் மடியில் ஏறியிருந்து பணியாரம் முழுவதையும் தின்று தீர்த்தார்கள். இரண்டு பேர் தலையிலும் அந்த ஊர்த் தொப்பி. அங்கே தொப்பி விற்பவர் காசு வாங்காமல் கொடுத்தாராம்.

திரும்பி வந்தபோது கிழவர் துறையில் நின்றார். தங்கையைப் பார்த்தாயா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவர்களுடைய சிலை பெரிதா?" என்றார்.

படகிலிருந்தே எனக்குத் தெரிந்தது, அவர்களுடையதுதான் பெரிது. நான் யாருக்காகவும் பொய் சொல்கிற ஆள் இல்லை. "இல்லை, உங்களுடையதுதான் பெரிது" என்றேன்.

பிறகு தங்கை வழக்கில் வென்றாள். இப்போது வருடத்துக்கு இரண்டு தரம் மொன்றியலுக்கு வந்து என் சமையலில் குறை பிடிக்கிறாள். அந்த ஏரியில் மிருகம் இருக்கிறது என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் முன்பின் தெரியாத, தன்னைப் பொய்யன் என்று திட்டிய ஒருத்திக்காக, வாழ்நாள் முழுவதும் பிடித்து வைத்திருந்த பெருமையை ஒரு நிமிடத்தில் விட்டுக்கொடுத்த மனிதரை அந்தக் கரையில் நான் என் கண்ணால் கண்டேன். யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.